சூளைக்குப் போகாத பானை

வாசகர் கேள்வி – பதில்

கல்லூரியின் இறுதியாண்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, செராமிக் பாண்டங்களை அடிப்படையாகக் கொண்டு ஓர் எம்பிராய்டரித் தொங்குதிரை செய்தோம் என்று சென்ற இதழில், வேறொரு கேள்விக்கான பதிலின் நடுவே, ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்காக இம்முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். எங்கள் வேலை இதுதான்: ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஐந்து பருத்திப் பட்டைகள், பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டால் ஒன்றரை மீட்டர் அகலத்தில் அவை ஒரே பரப்பாகத் தெரிய வேண்டும், ‘வேறொரு பொருளின் குணத்தைத் துணிக்குக் கொண்டு வருக’ என்பது தலைப்பு, தரப்பட்ட காலம் பத்து வாரம். அதில் முதல் நான்கு வாரம் வீணாயிற்று. கீழே வரும் பதில்களில் பாதி, அந்த நான்கு வாரத்தில் கற்றவை.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் கொண்ட குழு. செராமிக் சார்ந்த எம்பிராய்டரி எங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. நீலமும் வெள்ளையுமான சீன ஜாடி ஒன்றின் படத்தைத் துணியில் பிரதியெடுத்து, பூக்களைச் சாட்டின் தையலாலும் கோடுகளைக் காம்புத் தையலாலும் நிரப்பினோம். தையல் சுத்தமாக இருக்கிறது, நிறமும் பொருந்துகிறது. ஆனாலும் அச்சடித்த துணியைப் போல இருக்கிறது என்கிறார் எங்கள் ஆசிரியர். எங்கே தவறினோம்?
— ஜவுளி வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னதையே எங்கள் ஆசிரியரும் சொன்னார், இன்னும் சற்றுக் கடுமையாக. நாங்கள் ஐவரும் ஆளுக்கொரு மரபை எடுத்துக்கொண்டிருந்தோம்: ஒருத்தி நீலவெள்ளைப் பீங்கான், ஒருத்தி துருக்கியின் இஸ்னிக் ஓடுகள், ஒருவன் ஜப்பானின் பொன்னொட்டு (உடைந்த பாண்டத்தைப் பொன் கோடுகளோடு ஒட்டும் முறை), இன்னொருத்தி விரிசல் மெருகு (பாண்டத்தின் மேல் கண்ணாடியாக உருகிய பூச்சில் விழும் விரிசல் வலை), நான் கயிற்றுத் தடம் பதிந்த பழங்காலப் பானை. நான்காவது வார இறுதியில் ஐந்து துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தபோது அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “தட்டுகளின் படம் ஐந்து இருக்கிறது, செராமிக் எங்கே?” என்று கேட்டார். அதுவரை செராமிக்கை நாங்கள் புத்தகத்திலும் கைப்பேசித் திரையிலும் மட்டுமே பார்த்திருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. அடுத்த இரண்டு நாள்களைக் கல்லூரியின் செராமிக் பட்டறையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையில் உட்கார்ந்து கழித்தோம்.

கோபால்ட் என்னும் நிறமியால் வரைந்த கோடு சூளைக்குப் போகும் முன்பு நீலமாக இருப்பதில்லை. கறுப்பும் சாம்பலும் கலந்து மங்கிக் கிடக்கிறது. அதன்மேல் பூசும் மெருகு காய்ந்ததும் சுண்ணாம்புத் தூளைப் போலப் படிந்து, வரைந்ததையே மறைத்துவிடுகிறது. அந்தத் தூள் சூட்டில் உருகிக் கண்ணாடியாகும்போதுதான் நீலம் வெளியே வருகிறது. வரும்போது கோட்டின் ஓரம் மெருகுக்குள் இலேசாகக் கசிந்துவிடுகிறது. நீங்கள் பிரதியெடுத்த ஜாடியின் முன்னோர்களான சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜெனில் 14ஆம் நூற்றாண்டில் செய்த பாண்டங்களை, குறிப்பாக 1351ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துப் பொறித்து இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் டேவிட் ஜாடிகள் இரண்டின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீலம் எங்கும் ஒரே நீலமாக இல்லை. நிறமி கூடுதலாகப் படிந்த இடம் கருத்தும், மெல்லியதாக ஓடிய இடம் வெளுத்தும் கிடக்கிறது. இழைகளை நெருக்கி அடுக்கிப் பரப்பை நிரப்பும் சாட்டின் தையலோ ஓரத்தைக் கத்தியால் நறுக்கியது போல முடித்துவிடும். கசிந்து பரவிய ஒரு கோட்டை, கசியவே தெரியாத தையலால் நிரப்பியிருக்கிறீர்கள்; அச்சுத் துணி போலத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாற்று வழி கடினமானதல்ல. எல்லைக்கோட்டை முழுவதும் விட்டுவிடுங்கள். இரண்டு நீல நிறங்களிலிருந்து ஓரோர் இழை எடுத்து ஒரே ஊசியில் கோத்து, நீளமும் குட்டையும் மாறிவரும் தையலால் உள்ளிருந்து வெளியே நிரப்பி, ஓரத்துக்கு வரும்போது ஒற்றை இழையில் இடைவெளிவிட்ட ஓடு தையலாகக் கரைய விடுங்கள். அதேபோல, கிண்ணத்தின் விளிம்பில் மெருகு மெலிந்து அடிமண்ணின் நிறம் தெரிவதையும், செதுக்கிய பள்ளங்களில் மெருகு தேங்கிக் கருத்துப்போவதையும் பார்த்திருப்பீர்கள். கடையில் வாங்கும் பருத்தி எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து, பாண்டத்தின் வயிற்றுக்கு மூன்று, கழுத்துக்கு இரண்டு, விளிம்புக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே போனால், நிறம் எதையும் மாற்றாமலேயே மெருகு மெலிவது துணியில் தெரிந்துவிடும். இதை எங்கள் குழுவில் கண்டுபிடித்தவள், நூலின் இழைகள் தீர்ந்துபோய் வேறு வழியில்லாமல் ஒற்றை இழையில் விளிம்பைத் தைத்தவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டறையிலிருந்து திரும்பிய அன்று நாங்கள் வரைபடம் எதுவும் போடவில்லை. பார்த்ததையெல்லாம் வினைச்சொற்களாக ஒரு தாளில் எழுதினோம்: கசிந்தது, தேங்கியது, மெலிந்தது, வழிந்தது, விரிந்தது, ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் மூன்று மாதிரித் தையல்கள் என்று வைத்துக்கொண்டோம். ஜாடி, பூ, மீன் எதுவும் அவற்றில் இல்லை. அந்தப் பதினெட்டுச் சதுரங்களில் ஏழு பயன்பட்டன. மற்றவை வெறும் முடிச்சுக் குவியல்கள்.

பீங்கானும் துணியும் உங்கள் பாடத்திட்டத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன என்று எண்ணிவிட வேண்டாம். 1877இல் தோக்கியோ அருகே ஓமோரி என்னும் இடத்தில் கிளிஞ்சல் மேட்டைத் தோண்டிய அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், அங்கே கிடைத்த பானை ஓடுகளில் முறுக்கிய கயிற்றின் தடம் பதிந்திருந்ததால் அவற்றைக் ‘கயிற்றுத் தடம்’ என்ற சொல்லாலேயே குறித்தார். அதன் ஜப்பானிய வடிவமான ‘ஜோமோன்’ என்பதே ஒரு நீண்ட வரலாற்றுக் காலத்தின் பெயராயிற்று. மண் ஈரமாக இருக்கும்போது கயிறு அதில் உருண்டிருக்கிறது. இஸ்னிக் ஓடுகளில் 16ஆம் நூற்றாண்டில் மலர்ந்த துலிப்பும் கார்னேஷனும் அதே காலத்து ஒட்டோமான் பட்டிலும் பூத்தையலிலும் மலர்ந்தன. அரசவை ஓவியர்களின் வடிவங்கள் இரண்டு பட்டறைகளுக்கும் போயின. அந்த ஓடுகளின் சிவப்பு, இரும்புச் சத்து மிகுந்த மண்ணைத் தடிப்பாகப் பூசியதால், மெருகுக்கு அடியில் புடைத்து நிற்கும். விரலால் தடவினால் உணரலாம் என்பதால், எங்கள் குழுவில் அதை எடுத்தவள் அடியில் இரண்டடுக்குச் சங்கிலித் தையல் போட்டு, அதன் மேல் சாட்டின் தையலை ஏற்றினாள். உங்கள் சாட்டின் தையலுக்கு உரிய இடம் அதுபோன்ற புடைப்புதான்.

கேள்வி: மெருகில் விழும் மெல்லிய விரிசல் வலையைத் தைப்பதற்கு எந்தத் தையல் ஏற்றது? நான் பின்தையலில் முயன்றேன். விரிசலாகத் தெரியவில்லை, நகரத்தின் தெரு வரைபடம் போலத் தெரிகிறது. இயந்திரத்தில் செய்யலாமா?
— எம்பிராய்டரி பயிலும் ஒரு வாசகி

பதில்: தெரு வரைபடம் என்ற உவமை துல்லியமானது; எங்கள் முதல் மாதிரியைப் பார்த்த செராமிக் துறை மாணவன் ஒருவன் ‘பேருந்து எங்கே நிற்கும்?’ என்று கேட்டான். குறை தையலில் இல்லை, கோடுகள் சந்திக்கும் விதத்தில் இருக்கிறது. தெருக்கள் ஒன்றையொன்று கடக்கும், விரிசல்கள் கடப்பதில்லை.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் கை தானாகத் திருந்தும். சூளை ஆறும்போது மண்ணும் மெருகும் இரண்டும் சுருங்குகின்றன. மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்க முயன்றால், அடியில் இருக்கும் மண் அதற்கு இடம் கொடுக்காது. இழுபட்ட மெருகு கிழிகிறது. பாண்டங்களை வெளியே எடுத்து வைத்த பிறகும் இது தொடர்கிறது. பட்டறையின் இரண்டாவது நாள் மாலை, அலமாரியில் இருந்த கிண்ணங்களிலிருந்து ‘டிங்… டிங்…’ என்று சிறு மணியொலி போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது மெருகு கிழியும் ஓசை என்று அங்கிருந்த உதவியாளர் சொன்னார். முதலில் விழும் விரிசல்கள் நீளமானவை, தயக்கமில்லாமல் ஓடுபவை. பின்னால் விழுபவை ஒரு பழைய விரிசலை எட்டியதும், ஏறக்குறையச் செங்கோணத்தில் முட்டி, அங்கேயே நின்றுவிடுகின்றன. ஏனென்றால் அந்த இடத்தில் இழுவிசை ஏற்கெனவே தளர்ந்துபோயிருக்கிறது. ஆகவே தைக்கும்போதும் நீளமான கோடுகள் அனைத்தையும் முதலில் போட்டு முடித்துவிட்டு, அடுத்த தலைமுறைக் கோடுகளை அவற்றில் முட்டி நிறுத்துங்கள். மூன்றாம் தலைமுறையை அவற்றுக்கு நடுவே. எந்தக் கோடும் எந்தக் கோட்டையும் தாண்டக் கூடாது. பென்சிலால் முழு வலையையும் முதலில் வரைந்துகொண்டு தைத்தால் இந்த வரிசை கெட்டுவிடும், கை வரைபடத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

இனி நூல். சீனாவின் சோங் அரசமரபுக் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘கே’ வகைப் பாண்டங்களில், கருத்த பெரிய விரிசல்களும் அவற்றுக்கிடையே மஞ்சள் கலந்த மெல்லிய விரிசல்களும் இருக்கும். அவற்றைச் சீனர்கள் ‘பொன்னிழையும் இரும்புக் கம்பியும்’ என்று அழைத்தார்கள். பாண்டங்களைப் பற்றிப் பேசியவர்களே இழை என்றும் கம்பி என்றும் சொல்லியிருக்கும்போது, தையல்காரர்களாகிய நமக்கு வேறென்ன வேண்டும்? இரும்புக் கம்பிக்குக் கௌச்சிங் முறையைப் பயன்படுத்தினோம்: தடித்த சாம்பல்கருப்பு நூலைத் துணியின் மேல் கிடத்தி, ஒற்றை இழையால் ஆங்காங்கே கட்டி நிறுத்தினோம். கட்டும் இடைவெளி ஒரே சீராக இருந்தால் கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருக்கும். ஆகையால் நேராக ஓடும் இடத்தில் தள்ளித் தள்ளியும், வளையும் இடத்தில் நெருக்கியும் கட்டினோம். பொன்னிழைக்குப் பழுப்பு நிற ஒற்றை இழையில், மிகக் குட்டையான பின்தையல். நீங்கள் கைவிட்ட பின்தையல்தான். இடம் மாறியதும் பொருந்திவிட்டது.

இயந்திரத்தில் தாராளமாகச் செய்யலாம். துணியை நகர்த்தும் பற்களைக் கீழிறக்கிவிட்டு, வளையத்தில் இறுக்கிய துணியை நீங்களே கையால் நகர்த்தித் தைக்கும் முறையில், மேல்நூலை இறுக்கி, பாபின் நூலைத் தளர்த்தினால், கீழே இருக்கும் நூல் மேலே ஏறி வந்து சிறு சிறு மணிகளாக நிற்கும். பாபினில் பழுப்பு நூலையும் மேலே துணியின் நிறத்து நூலையும் போட்டுப் பாருங்கள். சூளையிலிருந்து சூட்டோடு எடுத்துப் புகையூட்டும் ‘ராக்கு’ வகைப் பாண்டத்தின் விரிசல் போலச் சற்றே கரடுமுரடாக வரும். நாங்கள் ஒரு பட்டையில் மட்டும் இதைப் பயன்படுத்தினோம்.

விரிசலைத் தைக்காமல் விரிசலுக்கு நடுவே இருக்கும் தீவுகளையெல்லாம் சிறு தையல்களால் நிரப்பி, விரிசலை வெறும் துணியாக விட்டுவிடலாம் என்று ஒரு யோசனையும் எங்களிடம் இருந்தது. எனக்கு இன்றும் அதுதான் எல்லாவற்றிலும் அழகானதாகத் தோன்றுகிறது. ஆனால் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு மூலையோடு நிறுத்திக்கொண்டோம்.

கேள்வி: மெருகின் பளபளப்பு நூலில் வருமா?
— ஒரு வாசகர்

பதில்: அதே பளபளப்பு வராது. மெருகு கண்ணாடி, அதில் ஒளி ஒரு புள்ளியில் குவிந்து மின்னும். பட்டு நூலோ ரேயான் நூலோ தையலின் திசைக்குத் திசை வேறு வேறாக மின்னும். அதனால் வளைவான பாண்டத்தைக் காட்ட விரும்பினால், எல்லாத் தையலையும் ஒரே திசையில் போட்டு, ஒளிபடும் பட்டையில் மட்டும் திசையைச் சிறிது திருப்புங்கள். சாட்டின் தையலின் நீளம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் நூல் தளர்ந்து எதிலாவது மாட்டிக்கொள்ளும். தேங்கிய மெருகின் ஆழத்துக்குத் தையலின் மேல் ஆர்கன்சா என்னும் மெல்லிய, ஒளி ஊடுருவும் துணியை ஓர் அடுக்கு, பள்ளத்தில் இரண்டு அடுக்கு என்று போர்த்துவது நல்ல பலன் தந்தது.

கேள்வி: உடைந்த பாண்டத்தைப் பொன்னால் ஒட்டும் ஜப்பானிய முறையை எம்பிராய்டரியில் செய்ய விரும்புகிறேன். துணியில் விரிசல் வரைந்து சரிகையால் தைத்தால் போதுமா? என் தோழி, ‘இதை எல்லோரும் செய்துவிட்டார்கள்’ என்கிறாள்.
— இளங்கலை மாணவி ஒருவர்

பதில்: உங்கள் தோழியின் பக்கம்தான் நான் சாய்கிறேன், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. எல்லோரும் செய்ததை இன்னொருவர் நன்றாகச் செய்வதில் தவறில்லை. கிண்ட்சுகி என்னும் அந்த முறையில் ஒட்டும் வேலையைச் செய்வது பொன் அல்ல, அரக்கு மரத்தின் பால். உருஷி என்று அழைக்கப்படும் அந்தப் பால் ஈரப்பதம் உள்ள இடத்தில் மெல்ல இறுகி ஓடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதன் மேல் பொன்தூள் தூவப்படுகிறது. எனவே அந்தக் கோட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. கோட்டை எடுத்துவிட்டால் கிண்ணம் துண்டுகளாகிவிடும்.

எங்கள் குழுவில் இதை எடுத்திருந்தவன், முழுத் துணியின் மேல் சரிகையால் அழகான மின்னல் கோடு ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தான். ‘இந்தச் சரிகையை உருவிவிட்டால் துணிக்கு என்ன ஆகும்?’ என்று நாங்கள் கேட்டோம். ஒன்றும் ஆகாது. அவன் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. பிறகு தன் பட்டையின் கீழ்ப்பகுதியை உண்மையாகவே ஒன்பது துண்டுகளாக வெட்டி, தண்ணீரில் கரையும் படலத்தின் மேல் சிறு இடைவெளிவிட்டு அடுக்கி, இடைவெளிகளை நூலால் மாறி மாறிப் பின்னிச் சேர்த்து, படலத்தைக் கரைத்துவிட்டான். அவன் பயன்படுத்தியது பொன்னிற நூல், சரிகை அல்ல. சரிகையைத் துணிக்குள் திரும்பத் திரும்ப இழுத்தால் அதன் மேலுறை உரிந்துவிடும். அதைத் துணியின் மேல் கிடத்திக் கட்டத்தான் முடியும், எதையும் தாங்கும் வேலைக்கு அது உதவாது. அந்தக் கீழ்ப்பகுதியைத் தூக்கிப் பிடித்தபோது துண்டுகள் நூலில் தொங்கின. நீங்களும் துணியை வெட்டத் துணிந்தால் செய்யுங்கள். துணியாவிட்டால் வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவின் பட்டைகளைத் தைத்து முடித்த பின்பு அளவெடுத்தால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. துணியை முன்பே துவைத்துச் சுருங்க வைத்துத்தான் தொடங்கினோம். ஏன் இப்படி?
— குழுவின் சார்பில் ஒரு மாணவர்

பதில்: துவைப்பதால் வரும் சுருக்கம் வேறு, தையலால் வரும் சுருக்கம் வேறு. ஒவ்வொரு தையலும் துணியை ஒரு மயிரிழை உள்ளிழுக்கிறது. அடர்த்தியாக நிரப்பிய பட்டையில் அந்த மயிரிழைகள் ஆயிரக்கணக்கில் சேர்கின்றன. எங்களுடையதில் 30 சென்டிமீட்டராகத் தொடங்கியவற்றுள், அடர்ந்த தையல் உள்ள பட்டை 28.6 ஆகவும், விரிசல் மட்டும் தைத்தது 29.7 ஆகவும் நின்றன. ஒன்றரை மீட்டர் பரப்பில் விரிசல் கோடுகள் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தொடர வேண்டும் என்று திட்டமிட்டிருந்த எங்களுக்கு அது பேரிடியாக இருந்தது.

இதற்கும் பாண்டம் செய்பவர்களிடமே வழி இருந்தது. களிமண் காய்ந்தும் சுட்டும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு அளவுக்கும், சில மண் அதற்கு மேலும் சுருங்கும் என்பதால், அவர்கள் புதிய மண்ணைத் தொடும்போதெல்லாம் அதில் ஒரு பட்டை உருட்டி, 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு கீறி, சுட்ட பின்பு அந்தக் கோட்டை அளந்து, அதற்கேற்பப் பாண்டத்தைப் பெரிதாக வனைகிறார்கள். நீங்களும் ஒவ்வொரு தையல் அடர்த்திக்கும் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று தைத்து, வளையத்திலிருந்து கழற்றி, ஓர் இரவு விட்டு, பிறகு அளவெடுங்கள். கழற்றியவுடன் எடுக்கும் அளவு பொய் சொல்லும். சதுரம் 9.6 ஆக நின்றால் பட்டையை அந்த விகிதத்தில் அகலமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முடிந்துவிட்ட பட்டைகளுக்கு, ஈரத் துணி போட்டு, குண்டூசியால் நாற்புறமும் பலகையில் இழுத்துக் குத்திக் காயவிடுவதால் சிறிது மீட்கலாம். மீதியை ஓரத்தில் துணி சேர்த்துத்தான் சரிக்கட்ட வேண்டும். நாங்களும் அப்படித்தான் சரிக்கட்டினோம்.

கேள்வி: அம்மா, எங்கள் குழுவில் ஐந்து பேர். ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டோம். ஒருவர் நூலை இறுக்கி இழுக்கிறார், இன்னொருவர் தளர விடுகிறார். எது யாருடையது என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. ஒருவர் வருவதே இல்லை. நன்றாகத் தைப்பவரே எல்லாவற்றையும் தைத்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. ஆனால் மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றாக வரும். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
— மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர்

பதில்: எங்கள் ஆறாவது வாரத்தை நீங்கள் பார்த்தது போலவே எழுதியிருக்கிறீர்கள். பட்டைகளை முதன்முறையாகச் சேர்த்துத் தொங்கவிட்ட அன்று, விரிசலோ மெருகோ எதுவும் கண்ணில் படவில்லை. ஐந்து கைகள்தாம் தெரிந்தன. நீங்கள் சொல்லும் அதே யோசனை எங்களுக்கும் வந்தது. நன்றாகத் தைப்பவள் என்று நாங்கள் நினைத்தவள் அதற்கு ஒப்பவில்லை, நல்லவேளை.

அப்போது ஒன்று புரிந்தது. பாண்டமும் ஒருவர் கையில் முடிவதல்ல. ஜிங்தெஜென் பட்டறைகளைப் பற்றி 1712இல் விரிவான கடிதம் எழுதிய தாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், ஒரு பீங்கான் பாண்டம் எழுபது பேரின் கைகளைக் கடந்து வருவதாகச் சொல்லப்படுகிறது என்று குறிப்பிடுகிறார். வனைபவர் ஒருவர், வட்டக்கோடு போடுபவர் ஒருவர், பூ வரைபவர் ஒருவர். ஆனாலும் பாண்டத்தில் அத்தனை கைகளும் தெரிவதில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சூளை உருக்கி, ஒரே தோலாக மூடிவிடுகிறது. நம் வேலைக்குச் சூளை கிடையாது. கடைசித் தையல் போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். யாருடைய இறுக்கமும் யாருடைய தளர்வும் உருகப் போவதில்லை. பீங்கானைப் பார்த்துத் தைக்கும் குழுவுக்கு உள்ள உண்மையான சிக்கல் இதுதான் என்று நான் நம்புகிறேன். தையல் வகை, நிறம், நூல் எல்லாம் இதற்குப் பின்னால்தான். அந்தச் சூளை செய்யும் வேலையை, வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறையிலேயே செய்தாக வேண்டும்.

ஆகவே பட்டைவாரியாகப் பிரித்ததைக் கைவிட்டு, முன்பு எழுதிவைத்திருந்த வினைச்சொற்களின்படி பிரித்தோம். இறுக்கி இழுப்பவளுக்கு ஐந்து பட்டைகளிலும் உள்ள விரிசல் முழுவதும். அவளுடைய இறுக்கம் அங்கே குறையாக இல்லாமல் விரிசலின் குணமாகவே ஆகிவிட்டது. தளர விடுபவனுக்குத் தேங்கிய மெருகு முழுவதும். பொறுமைசாலிக்கு விளிம்புகள். எனக்கு வழிந்து இறங்கும் மெருகின் திரள்கள். பிரெஞ்சு முடிச்சுகள் மட்டுமே எனக்கு ஒழுங்காக வரும் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு திங்கள்கிழமையும் பட்டைகள் ஓர் ஆள் நகர்ந்தன. இதன் விலை, காத்திருப்பு: ஒருவர் பிந்தினால் நால்வரும் நிற்க வேண்டும். எட்டாவது வாரத்தில் அப்படி மூன்று நாள்கள் நின்றோம். இறுதி வாரம் ஐந்து பட்டைகளையும் ஓரத்தோடு ஓரம் தற்காலிகமாக இணைத்து ஒரே நீளச் சட்டத்தில் ஏற்றி, ஓரங்களைக் கடந்து போகும் கோடுகளை ஐவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து தைத்தோம். சட்டத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. இடமும் பெரிதாக வேண்டும். இதை முன்பே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

இனி, வராதவர். எங்கள் குழுவிலும் ஒருத்தி இரண்டு வாரம் வரவில்லை. சோம்பல் என்று நாங்கள் பேசிக்கொண்டோம், அதை அவள் காதுபடவும் பேசினோம். பிறகு தெரியவந்தது: அவள் ஒரு மாலை முழுவதும் தைத்திருந்த பகுதியை மறுநாள் காலை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பிரித்துத் திருத்தியிருந்தது நான். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அவளோ தன் பட்டையை விரித்தபோது தன் தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகளையும் என் தையலையும் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு, தைத்தவர் எதிரில் இல்லாமல் யாரும் யாருடைய தையலையும் பிரிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். உங்கள் குழுவில் வராதவர் வெறும் சோம்பலால்கூட வராமல் இருக்கலாம். ஆனால் ஆசிரியரிடம் போகும் முன்பு, அவர் கடைசியாகத் தைத்த இடத்துக்கு என்ன ஆயிற்று என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, ஒவ்வொருவரும் அன்றன்று வேலை முடித்த இடத்தில், துணியின் பின்பக்கம், தமக்கென்று வைத்துக்கொண்ட நிறத்தில் ஒரு சிறு குறுக்குத் தையல் போட்டோம். கூடவே தேதியும் நேரமும் எழுதிய குறிப்பேடு. மதிப்பிட வந்தவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பட்டைகளைத் திருப்பி, பின்பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார்கள். ஐவருக்கும் ஒரே மதிப்பெண் வரவில்லை. அது சரியாகவே இருந்தது.

கேள்வி: உண்மையான பீங்கான் துண்டுகளையே துணியில் வைத்துத் தைக்கலாமா?
— கைவினைப் பொருள்கள் செய்யும் வாசகி ஒருவர்

பதில்: உடைந்த ஓடுகளை வேண்டாம். நாங்கள் பட்டறைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வந்து முயன்றோம். உடைந்த விளிம்பு இரண்டே நாளில் நூலை அறுத்துவிட்டது, கையையும் விடவில்லை.

இதற்கென்றே செய்த துண்டுகளானால் தைக்கலாம். அதற்கு நல்ல முன்னோடியும் உண்டு. வியன்னாவில் 1902இல் பிறந்து 1938இல் லண்டனுக்கு அகதியாகப் போன பாண்டக் கலைஞர் லூசி ரீ, போர்க்காலத்தில் ஆடை வடிவமைப்பாளர்களுக்காகச் செராமிக் பொத்தான்கள் செய்துதான் தன் பட்டறையை நடத்தினார்; கிண்ணங்களுக்காக உலகப் புகழ் பெற்றது அதற்குப் பின்னர்தான். பொத்தானுக்கு வேண்டிய கவனம்தான் உங்களுக்கும் வேண்டியது. மண் சற்றுக் காய்ந்து, அதே சமயம் ஈரம் முழுவதும் போகாத நிலையில் துளையிடுங்கள். சுருங்கும் என்பதால் ஊசியைவிட நன்றாகப் பெரிய துளையாகவே இடுங்கள். துளையின் இரு வாய்களையும் ஈரப் பஞ்சால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். அங்கே கூர்மை இருந்தால் நூல் நிற்காது. மெருகு பூசியதும் துளைக்குள் புகுந்ததைத் துடைத்தெடுக்காவிட்டால் சூளையில் அது உருகித் துளையை அடைத்துவிடும். துண்டின் அடிப்பக்கத்திலும் மெருகைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். துணிக்குப் பின்னால் காடாத் துணியை இன்னோர் அடுக்காக வைத்து, இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனி நூலில் கட்டி முடிச்சிட்டால், ஒரு நூல் அறுந்தாலும் ஒரு துண்டுதான் விழும்.